மழைக்கு விரித்த சாய்ப்பு

எங்கள் மினி லாரியின் பின்பக்கம் பாதி கடை, பாதி வீடு. ரெடிமேட் துணி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேர் படுக்க ஒரு பலகை, ஒரு கேஸ் அடுப்பு. அதில்தான் நானும் வீட்டுக்காரரும் கல்வராயன் மலைச் சந்தைக்குப் போவோம். போன தடவை மழையில் பாவாடையெல்லாம் நனைந்து சாயம் இறங்கிவிட்டது.

"இன்னொரு வாட்டி நனைஞ்சிதுனா மலை ஏவாரமே வாணாம். நீ வூட்ல இரு, நான் கடைத்தெருவுல பாத்துக்கறேன்" என்றுவிட்டார். கள்ளக்குறிச்சியில் நான் பிறந்ததும் கடைக்காரர் வீடு, வாழ்க்கைப்பட்டதும் கடைக்காரர் வீடு. ஆனாலும் நான் வியாபாரத்துக்கு உட்கார்ந்தது மலையில் மட்டும்தான். அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

வண்டிக்குச் சாய்ப்பு போடலாம் என்று நச்சரித்தேன். வாசலில் மூட்டைகளை இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். வண்டியின் மேல்விளிம்பில் துளை போட்டுத் தார்ப்பாயைத் திருகாணியால் முடுக்கினார். மறுமுனையைத் தாங்க இரண்டு இரும்புக் குழாய்கள். தண்ணீர் வெளியே ஓட லேசான சரிவு வைத்துக் குழாயை வெட்டினார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அழகாக வெளியே வழிந்தது. பெரிய இன்ஜினியர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, சந்தையில் சாய்ப்பை விரித்தோம். நைட்டிகளைத் தொங்கவிட்டதும் மழை பிடித்துக்கொண்டது.

"இன்னாங்க இது, தண்ணி நம்ம பக்கம் வருது!" என்று அலறினேன்.

காலி வண்டிக்கு அளவெடுத்திருக்கிறோம்! மூட்டை ஏற்றியதும் வண்டி அமுங்கிவிட்டது. குழாய்கள் மட்டும் அதே உயரத்தில் விறைப்பாக நின்றன.

"கட்டு மூட்டைய, போலாம்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்த மலைக்காரப் பெண்ணின் கூடையில் ஒரு களைக்கொத்து தெரிந்தது. கேட்டு வாங்கி, குழாய்கள் நின்ற இடத்தில் மண்ணைத் தோண்டினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே குழாய்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறக்கினார். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் வெளிப்பக்கம் சரிந்து அவர் தலையில் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலில் முறைத்தவர், பிறகு தானும் சிரித்துவிட்டார்.

களைக்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட பெண், ஒரு நைட்டியை விரித்துப் பார்த்தபடி அவரிடம் கேட்டாள்: "அடுத்த சந்தைக்கு வருவீங்களாண்ணா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் கை காட்டினார். "ஓனரம்மா அங்க குந்திக்கினு இருக்காங்க பாரு, அவங்களக் கேளு."

கையெல்லாம் சேறு எனக்கு. மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன்: "வருவோம்!"