அவர் கையெழுத்திட்ட சிவப்புச் சீட்டு

மரகதம் அம்மாவின் அந்த ஒலிநாடாவை அழித்தவன் நான்தான். தவறுதலாக அல்ல... தெரிந்தே, பட்டப்பகலில், நிதானமாக அழித்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது. பூந்தமல்லிப் பேருந்து நிலையத்துச் சுவரெல்லாம் அவர் படம். ‘உரிமைக்குரல் ஓய்ந்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஓய்ந்ததாம்! அந்தக் குரலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வானொலியிலிருந்து வெளியேற்றிய நான், அந்தச் சுவரொட்டியைத் தினமும் கடந்துதான் பேருந்து ஏறுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஒரு வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்தேன். மரகதம் அம்மா அங்கே வாரம் ஒருமுறை பெண்களுக்கான நிகழ்ச்சி நடத்தி வந்தார். சமையற்குறிப்பும் கைவைத்தியமும் சொல்லத்தான் அவரை அழைத்திருந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கழிப்பறைக்குப் போகக்கூட மேஸ்திரியிடம் கைகட்டி நிற்கும் பெண்களைப் பேச வைத்தார். தெருக்குழாயில் குடம் வைக்க விடாதவர்களைப் பற்றிப் பேசினார். கனத்த பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டமான பேருந்தில் நின்றபடியே ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அலைவார். மனு எழுதித் தருவார். காவல் நிலைய வாசலில் அடிபட்டவனோடு தானும் உட்கார்ந்துகொள்வார். தேன்குரல் ஒன்றும் கிடையாது அவருக்கு. கரகரத்த குரல். ஆனால் அவர் “வணக்கம்” என்றால், அடுப்படியில் இருக்கிறவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

இனி என் கதை... கேளுங்கள்!

நான் அப்போது கரையான்சாவடியில், நீலக்கதவு போட்ட ஒரு வீட்டில் குடியிருந்தேன். எனக்கு முன்னால் அங்கே குடிவந்தவர் பிலோமினா என்ற நர்ஸ். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் அவர் சாதியை விசாரித்திருக்கிறார். பிலோமினா உள்ளதைச் சொன்னார். அன்று மாலையே அவருடைய பெட்டி, பாய், அடுப்பு எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. சில வாரம் கழித்து நான் வீடு கேட்டுப் போனேன். “நீங்க இன்னா ஆளுங்கோ?” என்றார். வேறொரு சாதியின் பெயரைச் சொன்னேன். பிலோமினா எந்த மக்களோ, நானும் அதே மக்கள்தான். உண்மை சொன்னவர் தெருவில் நின்றார், பொய் சொன்ன நான் உள்ளே மின்விசிறிக்குக் கீழே படுத்தேன்.

அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படவில்லை. ஏன் வெட்கப்பட வேண்டும்? கைக்குழந்தையோடு ஏழு வீடு ஏறி இறங்கியவன் வேறென்ன செய்வான்? என் குற்றம் அதுவல்ல. அது பிறகு வருகிறது.

வீடு மறுப்பதைப் பற்றி மரகதம் அம்மா ஒரு நிகழ்ச்சி தயாரித்தார். ‘அடுத்த வாரம் கேளுங்கள்’ என்று வானொலியிலேயே அறிவித்தும்விட்டார். ஒருநாள் அந்தப் பதிவை என்னிடம் தந்து, நேரத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டச் சொன்னார். காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதலில் பிலோமினாவின் அழுகை. பிறகு ஒரு ஆண்குரல்... என் வீட்டுக்காரரின் குரல்!

“நாங்க அவங்களுக்கெல்லாம் ஊடு உட்றதில்லமா. அந்த நர்சம்மா சாமான நான்தான் எட்த்து வெளிய வெச்சேன். இதுல இன்னா தப்பு? இப்ப கீறவரு நல்ல ஆளு. உங்க ரேடியோலதான் வேல. விசாரிச்சிதான் உட்டேன்.”

ரேடியோவில் பேச்சு வரப்போகிறது என்ற பெருமையில் மனிதர் எல்லாவற்றையும் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். எந்த வழக்குக்கும் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மரகதம் அம்மா என் மேசையருகே வந்து மெதுவாகச் சொன்னார்: “தம்பி, உங்களப் பத்தி அவர் சொல்ற இடத்த மட்டும் வெட்டிடுங்க. பாவம், உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?”

பாருங்கள்... தப்பிக்கும் வழியையும் அவரே என் கையில் கொடுத்தார்! அந்த ஒரு வரியை வெட்டியிருந்தால் போதாதா? போதாது என்று நினைத்தேன். நிகழ்ச்சி வந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் என்னையும் கூப்பிடுவார்கள். ‘உங்களை என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?’ என்பார்கள். வீடு போகும், அலுவலகத்தில் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களின் முகம் மாறும்.

எங்கள் நிலையத்தில் புதிய நாடாவுக்கு எப்போதும் பஞ்சம். ஒலிபரப்பு முடிந்த நாடாவை அழித்துவிட்டு அதிலேயே மறுபடி பதிவோம். எதை அழிக்கலாம், எதை வைக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நடத்துகிறவர்தான் சீட்டில் கையெழுத்திட்டுப் பெட்டியில் மாட்ட வேண்டும்; சீட்டில் நிகழ்ச்சியின் பெயர் இருக்காது. சிவப்புச் சீட்டு என்றால் அழிக்கலாம், வெள்ளை என்றால் வைக்க வேண்டும். அன்று அவர் இரண்டு பெட்டிகளை என்னிடம் விட்டுப் போயிருந்தார். காய்கறித் தோட்டம் பற்றிய பழைய பேச்சுக்குச் சிவப்புச் சீட்டு. இதற்கு வெள்ளை.

இரண்டு சீட்டும் ஜெம் கிளிப்பில்தான் இருந்தன. கழற்றி மாற்றி மாட்டினேன்.

பிறகு அந்த நாடாவை அழிக்கும் கருவியின் மேல் வைத்து, விசையை அழுத்தி, சட்டப்படி செய்வதுபோல மூன்று சுற்றுச் சுற்றினேன். பதிவேட்டிலும் எழுதினேன். தேநீர் குடிக்கப் போனேன்.

மறுநாள் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சிவப்புச் சீட்டு. அதில் அவருடைய கையெழுத்து. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயையோ... என் கையெழுத்துதானே தம்பி! ரெண்டு சீட்டையும் மாத்தி வெச்சிட்டேனே! எனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சு?”

என்மேல் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? ஒரு பார்வையாவது பார்த்திருக்கக் கூடாதா? இல்லை! என்னை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிலோமினா அந்தப் பதிவை நம்பித்தான் வீட்டுக்காரர் மேல் அதிகாரிகளிடம் மனு கொடுத்திருந்தார். விசாரணையில் வீட்டுக்காரர் சிரித்தாராம். “நான் எப்ப அப்டி சொன்னேன்? டேப்பு கீதா? போடச் சொல்லு, கேக்கலாம்!” மனு தள்ளுபடி. அறிவித்த நிகழ்ச்சி வரவில்லை என்பதற்காகக் ‘கவனக்குறைவு’ என்று மரகதம் அம்மாவிடம் எழுதி வாங்கினார்கள். மறுப்பே சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். மேலிடம் காத்திருந்ததும் அதற்குத்தானே! அடுத்த மாதத்திலிருந்து அவருக்கு நிகழ்ச்சி இல்லை. நான் அதே நீலக்கதவு வீட்டில் இன்னும் நாலு வருடம் இருந்தேன். பொங்கலுக்கு வீட்டுக்காரர் கரும்பு கொடுத்தனுப்புவார். கடித்துத் தின்றேன்.

மைக் போனாலும் அவர் ஓயவில்லை. தெருமுனைகளில் பேசினார், நீதிமன்றப் படியேறினார், எத்தனையோ பேருக்கு வீடும் வேலையும் வாங்கிக் கொடுத்தார். தொண்ணூறுகளில் ஒருநாள் பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, சீட்டு வைக்கறப்ப ரெண்டு தரம் பாருங்க. நான் பண்ண மாதிரி பண்ணிடாதீங்க” என்றார். நான் “சரிங்கம்மா” என்றேன்.

போன ஞாயிறு காலை, குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். பழைய சகா என்று என்னையும் பேச அழைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பேருந்திலேயே முடிவு செய்தேன். முதல் வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்திருந்தேன்.

எனக்கு முன்னால் பிலோமினா பேசினார். தலை முழுக்க நரைத்திருந்தது. “ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அக்கா எங்க ஊட்டுக்கு வருவாங்க. வந்து, எங்கையப் புட்ச்சிகினு, என் தப்பால உனக்கு நாயம் கெடைக்காம பூட்ச்சி, மன்னிச்சிடு பிலோமின்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரில கடைசியாப் பாத்தப்பவும் அதையேதான் சொன்னாங்க. விடுங்கக்கான்னு எத்தினி தபா சொல்லியும் கேக்கல...”

அடுத்து என் பெயரைச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன். மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. வந்து... வேறொன்றாக மாறிவிட்டது! “மரகதம் அம்மா தம் வாழ்நாளில் தவறே செய்யாதவர்” என்றேன்.

முன்வரிசையிலிருந்து பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டே, பாசத்தோடு குறுக்கிட்டார். “ஒண்ணே ஒண்ணு பண்ணாங்க சார். அதையும் அவங்களே ஒத்துக்கினாங்க. இல்லியா சார்? நீங்கதான் கூட இருந்தீங்களே!”

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது.

“ஆமாம்” என்றேன்.

கூட்டத்தை யாரோ கேசட்டில் பதிந்து எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். போட்டுக் கேட்டேன். பதிவு நன்றாகவே இருக்கிறது, என் “ஆமாம்” தெளிவாகக் கேட்கிறது. பிலோமினா வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிறதாம்.