கெட்டில் அஸ்லாக்

எங்கள் நார்வேக் கடற்கரையில் அஸ்லாக்கைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவன் பெண்டாட்டி போர்க்ஹில்ட் மட்டும்தான். ஊருக்கு அவன் கெட்டில்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு கம்பெனி மின்நிலையம் கட்டியது. நடுவே சவ்வு. இந்தப் பக்கம் ஆற்றுநீர், அந்தப் பக்கம் கடல்நீர். கடல் உப்பு சவ்வு வழியே நல்ல தண்ணீரை இழுக்கும், அழுத்தம் ஏறும், சக்கரம் சுற்றும். சவ்வு கழுவும் வேலைக்குப் போன அஸ்லாக், தன் மீன்பிடிப் படகைக் கூட்டாளி சிவெர்ட்டுக்கு விற்றுவிட்டான்.

"ஆழம் தெரியாம கால விடாத" என்றாள் போர்க்ஹில்ட்.

"இனிமே உப்புதான் நமக்குச் சோறு போடும், பாரு."

அவ்வளவு பெரிய கட்டடம் தந்த மின்சாரத்தில் ஒரு கெட்டில் தண்ணீர்தான் கொதித்தது. பேர் அப்படி வந்ததுதான். "மொதல்ல கெட்டில், அப்புறம் ஊரு" என்பான். பைத்தியக்காரன், நிஜமாகவே நம்பினான்.

நிலையத்தை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவுசெய்ய ஓஸ்லோவிலிருந்து அதிகாரியம்மா வந்த அன்று பார்த்து ஆற்றில் வெள்ளம். சேறு சவ்வை அடைத்துவிட்டது. விடிந்ததிலிருந்து கை விறைக்கக் கழுவினான் அஸ்லாக். காப்பிக்குக் கெட்டிலை வைத்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அவன் குழந்தைபோலக் குதித்தான். நிலையத்துக் கரண்டைக் காட்டும் மீட்டர் முள்ளையே நாள் முழுக்கப் பார்த்துக் கிடப்பவன், அன்று பார்க்கவில்லை.

அதிகாரியம்மா பார்த்தாள். "முள்ளு ஜீரோல நிக்குது. தண்ணி மட்டும் எப்படிங்க கொதிக்குது?"

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் சிவெர்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஊர்க் கம்பத்து வயரைக் கெட்டிலில் மாட்டியது அவன்தான். சும்மா, விளையாட்டுக்கு.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா..."

"யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?" காப்பியைத் தொடாமலே போய்விட்டாள். நிலையத்தைப் பூட்டினார்கள். உண்மையைச் சொல்ல மட்டும் சிவெர்ட்டுக்கு வாய் திறக்கவில்லை, படுபாவி. பிறகு மதுக்கடையில் அவனே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஊரும் சிரித்துவிட்டு வலையைப் பார்க்கப் போனது.

இப்போது அஸ்லாக், தான் விற்ற அதே படகில் சிவெர்ட்டிடம் கூலிக்குப் போகிறான். காப்பி போடுவதும் அவன்தான். நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு?

ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டும்போதெல்லாம் சிவெர்ட் கத்துவான்: "டேய் கெட்டில், எந்திரிச்சுத் தொப்பியக் கழட்டுடா! உன் கரண்டு ஓடுது பாரு!"

அஸ்லாக் எழுந்து தொப்பியைக் கழற்றுவான். படகில் எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சாயங்காலம் கூலி கொடுப்பது சிவெர்ட்தான்.