குருமனையின் தெற்குச் சுவர்

ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பிய ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "மிஸ், றெஜினா அக்கா போயிட்டா." பிறகு, "பெட்டிய குருமனையிலதான் வைக்கப் போறம்" என்றார். வாவிக்கரையில் நிற்கும் அந்தப் பழைய பாதிரியார் வீட்டுக்காகவே தம் கடைசி ஆண்டுகளைச் செலவழித்தவர் றெஜினா.

கட்டடக் கலைஞர் றெஜினாவை அறிந்தவர்கள் அவருடைய நாக்கையும் அறிவார்கள். நான் வரலாறு கற்பிப்பவள். ஆங்கிலேயப் பாதிரிமாருக்காகக் கட்டப்பட்ட வீட்டைக் காப்பாற்றுவதில் எனக்கு ஆர்வம் இல்லை என்று அவரைச் சந்தித்த முதல் நாளே சொன்னேன். அவர் என்னைக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சுவரில் இருந்த கணப்படுப்பைக் காட்டினார். "மட்டக்களப்பு வெயிலுக்க குளிர்காய அடுப்புக் கட்டின ஆக்கள், புள்ள. இவங்களக் கும்பிடச் சொல்லல்ல. மறுகா வந்தவன் வேர்த்துப்போய் வாவிப் பக்கம் விறாந்தை இறக்கியிருக்கான். புத்தி வந்த இடம் தெரியுது பாரு."

அதன் பிறகு நானும் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

சுவர்கள் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். வாவியின் ஈரத்தை இழுத்து வெயிலில் வெளியே விடுபவை. ஏதோ ஒரு விழாவுக்காக அவற்றின்மேல் சீமெந்து பூசினார்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, கல் மாவாக உதிர்ந்தது. இடித்துவிட்டுக் கலியாண மண்டபம் கட்டலாம் என்றது சபைக் குழு. தெற்குச் சுவரின் சீமெந்தை மட்டும் உரித்து ஒரு கோடை காயவிடுகிறேன், அது பிழைத்தால் வீட்டை விட்டுவிடுங்கள் என்று றெஜினா கேட்டார். ஒப்புக்கொண்டார்கள்.

உரித்த சுவரைப் பார்த்துச் சபைக் குழுவின் செயலாளர் முகம் சுளித்தார். "உடுப்பில்லாம நிக்கிற மாதிரிக் கிடக்கு, தங்கச்சி."

"புண்ணுக்குக் காத்துப் படட்டும், அண்ணன். நீங்க கண்ண மூடிக்கொண்டு போங்க."

சுவர் காயத் தொடங்கியபோது றெஜினா ஆஸ்பத்திரியில் படுத்தார். செயலாளரும் சபையார் சிலரும் பார்க்க வந்தபோது நான் கட்டிலருகே இருந்தேன். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, தங்கச்சி. நீங்க குறையில விட்ட சுவர நாங்களே பூசி முடிச்சிட்டம். நல்ல சீமெந்து. வந்து பாருங்க, கண்ணாடி மாதிரி" என்றார் செயலாளர். அவருடைய விரல்களில் சீமெந்து அரித்த புண்கள் இருந்தன.

றெஜினா அந்த விரல்களைப் பார்த்தார். "ஓம் அண்ணன். கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றார்.

அவர்கள் போனபின் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். "இனி என்னத்துக்கு, புள்ள." வீட்டைப் பற்றி அவர் பேசியது அதுவே கடைசி.

பெட்டியை அந்தக் கூடத்தில்தான் வைத்தார்கள். செயலாளர் தெற்குச் சுவரில் சாய்ந்து அழுதார். பூச்சு அதற்குள்ளேயே ஊதிப்போயிருந்தது. சுவர் பிழைக்கவில்லை; மாரி மழை முடிந்ததும் வீட்டை இடிப்பார்கள்.

றெஜினாவின் கேலி எனக்கு வராது. நம்பிக்கை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அவர் காட்டாமல் விட்ட கோபம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் அவரை நேசித்தவர்கள்.