காதுக்காரர் தேடிய விசில்

லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். மூடிய லிஃப்ட் கதவில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஓட்டச் சொல்வார். "மூணாவது மாடிகிட்ட உருளை தேஞ்சிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டு, "பெல்ட்டு ரொம்ப நாள் தாங்காது" என்று யாரும் கேட்காமலே போய்ச் சொல்லிவிட்டு வந்த மனிதர். பெல்ட் அறுந்த அன்று அந்த வீட்டம்மா அவர் கண்ணில் படாமலிருக்கப் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போனாள்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? ஆக வேண்டியதெல்லாம் ஆயிற்று.

ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் வேலையாகப் போனபோதுதான் அதைப் பார்த்தார். அடித்தளத்தில், உடைந்த கட்டில்களுக்கும் பெயின்ட் டின்களுக்கும் அடியில் கிடந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்த வண்டி. தகரக் கூரை கிடையாது; இருந்த கேன்வாஸ் கூரையையும் எலிகள் தின்று தீர்த்திருந்தன. கட்டடத்துக் காவல்காரர் அதை ஒழித்துக்கட்டினால் போதும் என்றிருந்தார். "எடுத்துக்கிட்டுப் போனா புண்ணியமாப் போகும்" என்றார். காதுக்காரருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ஓடி வரவில்லை, லாரியில் வந்தது.

வீட்டு முன்னால், வீட்டுக்குள் போக ஒரு வாசல்படியும் தெருப்பக்கம் இரும்பு ஷட்டரும் உள்ள ஒரு ஷெட் இருந்தது. மகள் வேலை கிடைத்து வேறு ஊர் போனதிலிருந்து அவளுடைய சைக்கிளும் பழைய மேசையும் மட்டும் அதில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை மாடிக்கு ஏற்றிவிட்டு வண்டியை உள்ளே தள்ளினார்கள். மனைவி இடுப்பில் கைவைத்து அதைச் சுற்றி வந்து பார்த்தாள். அவள் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறவள். எதைப் பார்த்தாலும் முதலில் துணியைத்தான் பார்ப்பாள்.

"சீட்டு நாறுதுங்க."

"அதை நீ பாத்துக்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அப்ப பக்கத்து சீட்டு எனக்கு. முதல் ரவுண்டு நான்தான் வருவேன். உங்க மச்சானை ஏத்திக்கிட்டுப் போனீங்கன்னா தெரியும் சேதி."

மச்சான் என்பது அவளுடைய தம்பி. பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலை. மாமா எது சொன்னாலும் ஆமாம் போடுகிற நல்ல பிள்ளை. உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்க்க வந்தவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டேயிருந்தான். தேய்த்துத் தேய்த்து மூக்குக்குள்ளெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. தகரம் தட்டிச் சீராக்கி, பட்டி பார்த்து, அவன் கலந்து கொண்டுவந்த சிவப்பை அடித்தார்கள். மனைவி கெட்டித் துணியில் சீட் உறை தைத்தாள். அந்த உறையில் ஒரு தையலாவது கோணியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

எஞ்சின் மட்டும் அவர் ஒருவர் வேலை. அதில் யாரையும் மூக்கை நுழைக்க விடமாட்டார். அந்த எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் கார்புரேட்டர் வாயிலும் மறு நுனியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உஸ்ஸென்ற சத்தம் ஒன்றுபோல வரும்வரை திருகாணியைத் திருகினார். எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. மனைவி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறத் தயாராக நின்றாள்.

அப்போதுதான் அவர் கையை உயர்த்தினார். "இரு. ஒரு விசில் கேக்குது."

மெல்லிய விசில். கம்பி போன்ற ஒரே சுருதி. எஞ்சினுக்கு மேலே தனியாக ஓடுகிறது. "உனக்குக் கேக்குதா?" என்றார் மனைவியிடம்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆமா. லேசா கேக்குது" என்றாள். மச்சானைப் பார்த்தார். "கேக்குது மாமா" என்றான் மச்சான்.

அவ்வளவுதான். வண்டியை மறுபடி பிரித்தார். காற்றுக் கசிந்தால் விசிலடிக்கும் என்று கேஸ்கெட்டை மாற்றினார். போகவில்லை. பெல்ட்டை மாற்றினார். டைனமோவின் பேரிங்கை மாற்றினார். தண்ணீர் பம்ப்பை இறக்கிப் பார்த்தார். சைலன்சரை வெட்டி ஒட்டினார். ஒவ்வொரு தடவையும் பூட்டி, ஓடவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்பார். எல்லாரும் கேட்கிறது என்பார்கள். விசில் இடத்தைவிட்டு அசையவில்லை. படுக்கையில் தலை சாய்த்தால்கூட அது காதிலேயே நின்றது. "அந்தளவுக்கு மனசுல பதிஞ்சிடுச்சு, பாத்துக்க" என்று மனைவியிடம் சொல்வார். அவள் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இப்படியே ஒன்றரை வருஷம். வண்டி தெருவைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் களை போயிற்று. சாப்பாட்டில் குறை, பேச்சில் எரிச்சல். கடைசியில் ஒருநாள், "நம்ம கைக்கு இது அடங்காது. குடுத்துடலாம்" என்றார். பழைய வண்டிகளைச் சேர்த்துவைக்கிற உள்ளூர்ப் பாத்திர வியாபாரி ஒருவர், ஞாயிறு வந்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். விசில் இருக்கிறது என்று காதுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். குறையை மறைத்து விற்கிற புத்தி அவருக்குக் கிடையாது.

மனைவி அன்று சீட் உறையை மட்டும் ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். அதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் விசிலடிக்கிற வண்டியில் அவளை எப்படி ஏற்றுவது?

ஞாயிறு காலை. தூசி விழக்கூடாதென்று ஷட்டரை இறக்கிவிட்டு, கடைசியாக ஒரு தடவை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். தெருவில் ஒரு சத்தமில்லை. ஷெட்டில் மின்விசிறியும் இல்லை. சாய்ந்து கண்ணை மூடினார்.

விசில் கேட்டது.

கண்ணைத் திறந்தார். சாவி போடும் துவாரத்தைப் பார்த்தார். சாவி அதில் இல்லை. சட்டைப் பையில் இருந்தது. இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. விசில் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது. இருந்தாலும் மனசு எளிதில் ஒப்புக்கொள்கிறதா?

சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தாம்மா, விசில் கேக்குதா?"

உள்ளேயிருந்து வெங்காயம் நறுக்குகிற சத்தத்தோடு பதில் வந்தது. "கேக்குது, கேக்குது."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குதுங்க. நேத்தைவிட ஜாஸ்தியா இருக்கு."

அவர் வாசல்படியில் போய் நின்றார். "வண்டி ஓடல" என்றார்.

கத்தி நின்றது. மனைவி வெளியே வந்தாள். கண்ணெல்லாம் நீர், அது வெங்காயத்தால். மாடியில் மகளுடைய மேசைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மச்சான் பிரஷ்ஷோடு இறங்கி வந்தான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கு ஒருநாளாவது கேட்டுதா?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் மென்று விழுங்கினாள். "இல்லங்க. ஒருநாள்கூட இல்ல."

"அப்புறம் ஏன் கேக்குதுன்னு சொன்ன?"

"உங்க காதை ஊரே நம்புது. நீங்க கேக்குதுங்கறீங்க. எனக்குக் கேக்கலன்னா என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சேன். வயசாகுதுல்ல. சொன்னா, உனக்கு என்ன தெரியும்னுவீங்க."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் பிரஷ்ஷைப் பார்த்தான். "நான் காது டாக்டர்கிட்டயே போயிட்டேன் மாமா" என்றான். "ரெண்டு தடவை. சொட்டு மருந்தும் விட்டுப் பாத்தேன். காது நல்லாத்தான் இருக்கு, யாருய்யா உன்னை அனுப்புனதுன்னு கேட்டாரு."

இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று காதுக்காரருக்குத் தெரியவில்லை. வண்டியின் மட்கார்டு மேல் உட்கார்ந்துவிட்டார். வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் கொன்றிருப்பார். எல்லாரும் தன்னை ஏமாற்றியதாகக் கோபப்பட நினைத்தார். ஆனால் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இந்தக் காதை வைத்துத்தான் அவருக்குச் சோறு, மரியாதை, பெயர் எல்லாம். அதுவே பொய் சொல்கிறது என்றால் நாளைக்கு லிஃப்ட் கதவில் எதை ஒட்டவைப்பது?

"எத்தனை பாகத்தை மாத்தினேன் இதுல" என்றார், யாரிடமும் இல்லாமல். "மாத்த வேண்டியது என் காதை."

"அதுக்கு டாக்டர் இருக்காரு மாமா. நல்ல மனுஷன். நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான் மச்சான். "என்னைப் பாத்தா மட்டும் அலறுவாரு."

மனைவி சிரித்துவிட்டாள். அவரும் பாதி சிரித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் பாத்திர வியாபாரி வந்து நின்றார்.

ஷட்டரை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டார்கள். வியாபாரி பானெட் மேல் குனிந்து கேட்டார். சுற்றிவந்து சைலன்சர் பக்கம் குந்தியும் கேட்டார். "என்னங்க விசில்? தையல் மெஷினாட்டம் ஓடுது. நீங்க குறை இருக்குன்னுல்ல சொன்னீங்க?"

"இருக்கு. வண்டியில இல்ல."

"பின்ன எங்க?"

காதுக்காரர் விரலை எடுத்துத் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். பெற்ற மகளிடம்கூட இன்னும் சொல்லாததை, முன்பின் பழக்கமில்லாத ஆளிடம் அப்படிச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் கொஞ்சம் லேசாக இருந்தது. "மன்னிச்சுக்குங்க. வண்டியைக் குடுக்கற மாதிரி இல்ல" என்றார். வியாபாரி, காலங்காத்தால அலையவிட்டதற்கு நாலு வார்த்தை முணுமுணுத்து, கொடுத்த காப்பியை மட்டும் முழுதாகக் குடித்துவிட்டுப் போனார்.

"என்ன, முழிச்சுக்கிட்டு நிக்கற? ஏறு" என்றார் மனைவியிடம்.

வெங்காயக் கையோடு ஏறினாள். வண்டி தெருவுக்கு வந்தது. பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டபடியே வாயைப் பிளந்தாள். காற்று முகத்தில் அடித்தது. மனைவியின் கொண்டை அவிழ்ந்தது, அவள் அதைக் கட்டவில்லை. கடைத்தெரு தாண்டி மேட்டில் ஏறினார்கள். அதற்கு அந்தப் பக்கம் நீண்ட இறக்கம். மேட்டு உச்சியை நெருங்கும்போது பக்கத்தில் பார்த்தார். சிரித்துக்கொண்டு வந்தவள் முகம் மாறியிருந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"சொன்னா மறுபடியும் பிரிச்சுப் போட்டுடுவீங்க. இன்னும் ஒண்ணரை வருஷம் ஷெட்டுலயே கிடக்கும்."

"பரவால்ல. சொல்லு."

"என் பக்கம், முன்னால. திரைச்சீலை வளையம் கம்பியில ஆடற மாதிரி ஒரு சத்தம். கிளுக் கிளுக்குன்னு. மேட்டுல ஏற ஏறக் கேக்குது."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சின் கேட்டது. அவருடைய விசில் கேட்டது. கிளுக் என்று எதுவுமே கேட்கவில்லை. நேற்றைய மனிதராக இருந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி இறக்கத்தில் விட்டிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப்போய் அவள் பக்கத்து முன் சக்கரத்தில் கைவைத்தார். சக்கரம் ஆடியது. வியாபாரி பார்ப்பாரே என்று நேற்று சாயங்காலம் கழற்றிக் கழுவி மாட்டியவர், மனசு சரியில்லாமல் நட்டுகளைக் கையால் திருகியதோடு விட்டிருக்கிறார். ஸ்பானர் போட்டு இறுக்கவே இல்லை. ஒரு நட்டைக் காணோம். இன்னொன்று விரல் பட்டதும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

இறக்கத்தை ஒரு தடவை பார்த்தார். அவளைப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னாலிருந்து ஸ்பானரை எடுத்து, ரோட்டில் மண்டிபோட்டு, மிச்சமிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். இறுக்கியதையே மறுபடியும் இறுக்கினார். எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"இனிமே கேட்டா கேக்குதுன்னு சொல்லு. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு" என்றார். "நான் என்ன சொன்னாலும் சரி."

"சரி" என்றாள் அவள். "இப்ப மெதுவா எடுங்க, கேட்டுச் சொல்றேன்."