கதவைப் பார்த்துத் தொழுத அஸர்

மூன்று வருடங்களுக்கு முன், ஏழு நாளும் ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில், கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. கலகெதரயில் எனக்குச் சின்னதாக ஒரு ஹார்ட்வெயார் கடை. காய்ச்சலென்று படுத்த மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கவே, முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். நேரே அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். என்னை உள்ளே விடவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இருவர்தான்.

என்னிடம் ஒரு கெட்ட குணம். யாரிடமும் வழி கேட்க மாட்டேன். கல்யாண வீட்டுக்கென்று புறப்பட்டு எங்கேயோ போய் நின்றிருக்கிறோம். "கேட்டா ஒங்கட வாய் தேஞ்சி பெய்த்திருமா?" என்று அவள் கேலி பண்ணுவாள்.

அன்றும் நான் கேட்கவில்லை. அந்தித் தொழுகையான மஃரிப் நேரம். நான் காத்திருந்த விறாந்தையின் கோடியில் இருந்த ஜன்னலில் மங்கலாக ஒரு வெளிச்சம். சூரியன் இறங்குகிற பக்கம், நாங்கள் முகம் வைத்துத் தொழ வேண்டிய மேற்கு, அதுதான் என்று நானே தீர்மானித்து, துவாயை விரித்துத் தொழுதேன். அதன் பிறகு ஐந்து வேளையும் அந்த ஜன்னலை நோக்கித்தான். மழை இருட்டில் வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை. "யா அல்லாஹ், அவளைத் திருப்பித் தந்துவிடு" என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

நான் உட்கார்ந்திருந்த வாங்கில் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். அவருடைய மகன் உள்ளே. வாய்க்குள் முருகனை அழைத்தபடியே இருப்பார். நான் தொழும்போது என் பையை அவர்தான் பார்த்துக்கொள்வார். மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்கு நான் எழுந்தபோது, அண்ணன் முறையில் என்னை 'நானா' என்று கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நானா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வர்றதுக்கு முந்தி இங்க ஒரு முஸ்லிம் ஐயா இருந்தாரு. அவரு இந்தக் கதவப் பாத்துல்ல தொழுவாரு. நான் சொன்னா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு இருந்துட்டேன்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் காவலாளியிடம் போய் மேற்கு எது என்று கேட்டேன். அவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைக் காட்டினார். நான் நம்பிய வெளிச்சம் அடுத்த கட்டடத்து விளக்கு. இத்தனை நாளும் தொழும் திசையான கிப்லாவுக்கும் அவளுக்கும் சேர்த்தே முதுகைக் காட்டியிருக்கிறேன்.

துவாயைத் திருப்பிப் போட்டேன். சுஜூதில் நெற்றி தரையில் பட்டபோதுதான், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தனியாகக் கிடக்கிறாள் என்பது உறைத்தது. இருட்டில் குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவள். தொழுது முடித்துக் கை ஏந்தினேன். திருப்பித் தா என்று கேட்க நா எழவில்லை. "என்னை உள்ளே விடுகிறார்கள் இல்லை. நீ அவளோடு இரு" என்றுதான் கேட்டேன்.

ஏந்திய கை இறங்குமுன் கதவு திறந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த அக்காதான் அழுதுகொண்டே என் துவாயை மடித்துக் கையில் தந்தார்.

இப்போது எங்கே போனாலும் கிப்லா எது என்று கூச்சப்படாமல் கேட்கிறேன். ஜன்னலைப் பார்த்துக் கேட்ட துஆக்கள் எல்லாம் எங்கே போயின என்று நினைத்து மனம் நொந்துபோகிற நாட்கள் உண்டு. ஆனால் கடைசியாகக் கேட்ட அந்த ஒன்று கிடைத்திருக்கும், அவள் தனியாகப் போகவில்லை என்ற நம்பிக்கையில்தான், கடை பூட்டி வந்து ஆளில்லாத வீட்டின் கதவைத் தினமும் திறக்கிறேன்.