அம்மா பெயரில் இருந்த வீடு

எங்கள் அம்மா சிவபதம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோருக்கும் அவருடைய பொறுமை தெரியும். அதை மறுபடி புகழ்வதைவிட, ஒரு வீட்டுக் கடன் மனுவோடு அவர் பட்ட பாட்டைச் சொல்ல நினைக்கிறேன். அதற்குப் பிறகு அம்மா பழைய அம்மாவாக இல்லை.

ஐயம்பேட்டையில் பிறந்த அம்மா, பதினாறு வயதில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டார். அவருடைய தந்தையார் சீராக வாங்கிக் கொடுத்த ஓட்டு வீடு அம்மா பெயரிலேயே இருந்தது. எங்கள் தறியும் அங்கேதான். அப்பா காலமான அடுத்த ஐப்பசி மழையில் பின்சுவர் விழுந்தது. தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டை அடமானம் வைத்து, வீட்டுக் கடன் சங்கத்தில் பணம் வாங்கிச் சுவர் எழுப்பினால்தான் வீடு நிற்கும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார்.

வரி ரசீது, கூலிக்குச் சான்றாக முதலாளியின் கடிதம், ஜாமீன் கையெழுத்து என்று நானும் அம்மாவும் நாயாய் அலைந்து சேர்த்தோம். கடைசியாக மூலப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனோம். குமாஸ்தா அதைப் பிரித்தார், அப்படியே எங்களைப் பார்த்தார்.

ஆயுத பூஜையன்று தறிக்குப் படைக்கும்போது, அம்மா அந்தப் பத்திரத்தையும் மடித்தபடியே மணையில் வைத்து, சந்தனம் பூசிக் குங்குமம் இடுவார். இருபது வருஷத்து ஈரச் சந்தனம் மடிப்புக்குள் இறங்கி மை கரைந்திருந்தது. மிச்சத்தைப் பூச்சி தின்றிருந்தது. பத்திர எண்ணும் இல்லை, நான்கெல்லையும் இல்லை.

"ஏம்மா, பத்திரத்துக்குப் போய் யாராவது சந்தனம் பூசுவாங்களா?"

"வருஷா வருஷம் பூசிக்கினுதான் சார் இருக்கேன். சாமி முன்னால வெறும் காயிதமா எப்டி வெக்கிறது?"

குமாஸ்தா சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். படிக்கத் தெரிந்த நான் ஒரு நாளாவது அதைப் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

நகல் வாங்கி வரச் சொன்னார்கள். பதிவு அலுவலகத்தில் எண் கேட்டார்கள். எண் இல்லையென்றால் பெயரை வைத்துத் தேட வேண்டும், மனு கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வா என்றார்கள். இப்படி எத்தனை அடுத்த வாரம் போனோமோ தெரியாது. அம்மா எல்லோரையும் கும்பிட்டார், பியூனைக்கூட விடவில்லை.

"என் வூட்டுக்கு நானே எமனா ஆயிட்டேன்பா" என்றார் ஒரு நாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது.

நகல் பங்குனியில் கிடைத்தது. அதற்குள் சங்கத்தில் அந்த வருஷத்து ஒதுக்கீடு தீர்ந்திருந்தது. அடுத்தது கார்த்திகைக்கு மேல்தான் என்றார்கள். ஐப்பசி மழை முந்திக்கொண்டது, உத்தரம் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டாருக்கே விற்றோம். விற்பதற்கு அந்த நகல் தாராளமாகப் போதும் என்றார்கள். அரை நாளில் வேலை முடிந்தது.

பிறகு வாடகை வீடுதான். வாடகைக்குக் குடியிருப்பவரின் உயிர் தம் வீட்டில் போவதைப் பல வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. அது தெரிந்த அம்மா, கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டு, "மூச்சு இருக்கறப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுப்பா. வூட்டுக்காரருக்கு எதுக்கு சங்கடம்" என்றார்.

நான் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். கேட்கும் முன்பே அவர், "அம்மா இங்கயே இருக்கட்டும்பா. எது ஆனாலும் இங்கயே ஆவட்டும்" என்றார். ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தாராப்பா?" என்றார் அம்மா.

மருந்து தந்த டாக்டருக்கும், உடன் நின்ற தெருவாருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. எதுவும் எழுதித் தராமலே தம் கூடத்தில் எங்கள் அம்மாவைக் கிடத்த இடம் தந்த வீட்டுக்காரரை பிள்ளைகள் நாங்கள் மூவரும் கைகூப்பி வணங்குகிறோம்.

மூத்த மகன்