உமி சேர்த்த ரப்பர் தேடி அருமனைக்கு

நாகர்கோவிலில் ரயிலை விட்டு இறங்கும்போது காலை ஏழு மணி. நல்ல மழை. மார்த்தாண்டம் வரை முப்பது கிலோமீட்டர் பேருந்து. அங்கிருந்து அருமனைக்கு ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவன் நான். உமியைக் கலந்து ரப்பர் விரிப்பு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ஒரே பரபரப்பு.

ஆட்டோக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மாட்டுக்கு விரிக்கதுல உமியா? அது கடிச்சுத் தின்னுப்போடாதா சார்?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் சிரித்து வைத்தேன். சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள், வெட்டிய பட்டை நனையாமலிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நின்றன.

நான் தேடி வந்த பிந்துவின் பட்டறை அருமனையைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. பாலிமர் படித்து, டயர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மாட்டுத் தொழுவத்துக்கு ரப்பர் விரிப்பு செய்கிறார். ரப்பருக்கு உறுதி சேர்க்க எல்லோரும் கலப்பது பெட்ரோலிய எண்ணெயிலிருந்து எடுக்கும் கரித்தூளை. பிந்து அதில் பாதியைக் குறைத்து உமிப்பொடி சேர்க்கிறார். உமி பூதப்பாண்டி ஆலையிலிருந்து, ரப்பர் பால் இந்த மேற்குத் தோட்டங்களிலிருந்து. ஒரே மாவட்டத்தின் வயலும் மலையும் ஒரே அச்சில் வேகின்றன. என் மாவட்டம் இல்லாவிட்டாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

"கரிய முழுசா எடுத்தா பலம் கொறயும் சார். பாதிக்குப் பாதின்னா தைரியமாச் சொல்லுவேன்," என்றார்.

ஆனால் முதல் முறை அந்தத் தைரியம் எடுபடவில்லை. மழைக்காலத்தில் பொடி ஈரத்தை இழுத்துவிட்டது. சூடான அச்சில் அந்த ஈரம் ஆவியாகி விரிப்பெல்லாம் குமிழ். கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் பால்மாடு வைத்திருக்கும் தங்கசாமி அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில், ஷீட்டுகளை எடுத்த பிறகு பொடியைத் தட்டுகளில் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறுமுன் கலக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். கண் எரிந்தது, பொடி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"இந்தப் பிராவசியமும் தங்கசாமி மாமா திருப்பினா உமிய விட்டுருவேன். பழையபடி கரிதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வண்டிச் சாவி அவர் கையிலிருந்து இரண்டு தடவை கீழே விழுந்தது.

பதினோரு மணிக்குப் புது விரிப்புகளை ஏற்றிக்கொண்டு கருங்கலுக்குப் புறப்பட்டோம். இருபது கிலோமீட்டர் இருக்கும், முழுக்க வளைவும் மேடும். தங்கசாமி நெற்றியில் நீண்ட வெண்ணாமத்தோடு தொழுவத்தில் நின்றிருந்தார். விரிப்பின் மூலையை மடித்து மிதித்தார், வெடிக்கவில்லை. கத்தியால் ஓரத்தை நறுக்கி உள்ளே பார்த்தார், குமிழ் இல்லை.

"தண்ணி ஊத்து மக்கா."

பிந்து ஊற்றினார். ஒரு சிவப்புப் பசுவை அதன்மேல் ஏற்றினார்கள். அது மோந்தது, ஒரு நக்கு நக்கியது. சரி, ஆட்டோக்காரர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு பசு வழுக்காமல் ஒரு சுற்றுத் திரும்பி, முன்னங்கால்களை மடக்கிப் படுத்து அசைபோடத் தொடங்கியது.

"கொள்ளாம்," என்றார் தங்கசாமி.

என் காதில் அது கொள்ளாது என்றே விழுந்தது. எங்கள் ஊரில் கொள்ளாது என்றால் இடம் போதாது, ஆகாது என்று அர்த்தம். பிந்துவின் கண்கள் வேறு கலங்கியிருந்தன.

"பரவால்லைங்க, அடுத்த தடவ பாத்துக்கலாமுங்க," என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

கண்ணைத் துடைத்தபடியே அவர் சிரித்துவிட்டார். "சார், மாமா நல்லாயிருக்குன்னாக்கும் சொல்லுகாரு."

தங்கசாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாக்கி மாட்டுக்கும் கொண்டு வா மக்கா," என்று உள்ளே போனார்.

குழித்துறை ஸ்டேஷன் வரை பிந்துவே கொண்டுவந்து விட்டார். காளைக்குப் பெயர்போன ஊர்க்காரன் நான். ஒரு மாடு படுத்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பூதப்பாண்டி ஆலைக்குப் போன் போட்டு இன்னொரு லோடு உமி கேட்டார். திடீரென்று எதற்கு என்று கேட்டிருப்பார்கள் போல.

"மாடு படுத்துட்டு அண்ணே," என்றார் பிந்து.